ஹீட்டர் சொல்லும் சேதி



மலைநாட்டில் வாழும் நமக்குக் குளிர் புதிதல்ல. நமது ஹட்டன் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியாவோ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாப் பக்கத்தில் விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி படிவதையும், அந்தப் பனி பட்டுத் தேயிலைத் துளிர்கள் கருகிப் போவதையும் நாம் பார்த்திருக்கிறோம். அந்தக் குளிரிலும் மழையிலும்தான் நம் பிள்ளைகள் காலை ஆறு மணிக்குப் பாடசாலை வேனில் ஏறுகிறார்கள். பச்சைப் பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு டிக்கோயா வைத்தியசாலையிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பும் தாய்மாரும் வேனில்தான் வருகிறார்கள்.

நான் சில வருடங்களாக ஹட்டனில் பாடசாலை வேன் ஓட்டுகிறேன். தாய்மார் என்னிடம் பல கேள்விகள் கேட்பார்கள். வேன் நேரத்துக்கு வருமா, பிள்ளையைக் கேற்றடியில் இறக்கி விடுவீர்களா, மாதக் காசு எவ்வளவு என்றெல்லாம் கேட்பார்கள். வேனில் ஹீட்டர் வேலை செய்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை. ஹீட்டர் என்பது காசுக்காரரின் வசதி என்றே பலரும் நினைக்கிறார்கள். குளிர்காற்று வந்தால் சுவிட்சை மூடிவிட்டு, "போர்த்திக்கொள்ளுங்கள் பிள்ளைகளே" என்று சொல்லி ஓட்டுகிற சாரதிகளும் இருக்கிறார்கள்.

ஹீட்டர் குளிர்காற்று வீசுகிறது என்றால் அது பிள்ளைகள் குளிரில் நடுங்குவதோடு முடிகிற விடயமல்ல. எஞ்சினில் ஏதோ ஒரு குறை இருக்கிறது என்று வண்டி நமக்கு முன்கூட்டியே சொல்லும் சேதியாகவும் அது இருக்கலாம். அந்தச் சேதியை எப்படி விளங்கிக்கொள்வது, எங்கே பார்ப்பது, எப்போது வண்டியை நிறுத்த வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன். வண்டி ஓட்டுபவர்களுக்கு மட்டுமல்ல, வேனில் பிள்ளைகளை அனுப்பும் தாய்மாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

சூடு எங்கிருந்து வருகிறது?

வீட்டில் இருக்கும் மின்சார ஹீட்டரில் கம்பி சிவந்து சூடு தருகிறது. வண்டியின் ஹீட்டர் அப்படிப்பட்டதல்ல. அதற்கென்று தனியான அடுப்பு எதுவும் கிடையாது. எஞ்சினுக்குள் டீசலோ பெற்றோலோ எரியும்போது பெருஞ்சூடு உண்டாகிறது. அந்தச் சூட்டைத் தணிக்க எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. சூடான அந்தத் தண்ணீர் முன்னாலுள்ள ரேடியேட்டருக்குப் போய் ஆறி மறுபடி எஞ்சினுக்குத் திரும்புகிறது.

அந்தச் சுடுதண்ணீரில் ஒரு பகுதி இரண்டு இறப்பர்க் குழாய்கள் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிறிய ரேடியேட்டருக்குப் போய் வருகிறது. இதைத்தான் ஹீட்டர் கோர் என்கிறார்கள். சுவிட்சைப் போட்டதும் ஒரு சிறிய காற்றாடி சுழன்று, அந்தச் சூடான கோருக்கு ஊடாகக் காற்றை ஊதுகிறது. காற்று சூடாகி நம்மிடம் வருகிறது. வீணாகப் போகும் சூட்டைத்தான் நாம் பயன்படுத்துகிறோம். ஆகையால் ஹீட்டரைப் போட்டால் டீசல் அதிகம் போகும் என்ற பேச்சுக்குப் பெரிய ஆதாரம் இல்லை. ஏசி போட்டால்தான் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும்.

இதை விளங்கிக்கொண்டால் மற்றவையும் எளிதில் விளங்கும். எஞ்சின் சூடாக வேண்டும். தண்ணீர் போதிய அளவு இருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் கோர் வரைக்கும் ஓட வேண்டும். காற்று அந்தக் கோருக்கு ஊடாகப் போக வேண்டும். இந்த நான்கில் ஏதோ ஒன்று நடக்காதபோதுதான் குளிர்காற்று வருகிறது.

குறை எதுவென்று தேடுவதற்கு முன்னால் ஒன்றைக் கவனியுங்கள். பழைய டீசல் வண்டிகள் மெதுவாகத்தான் சூடாகும். விடியற்காலையில் ஸ்டார்ட் பண்ணிய உடனேயே சூடு வராது. பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிய பிறகே வரும். நானுஓயாவிலிருந்து தலவாக்கலைப் பக்கம் இறக்கத்தில் வரும்போது எஞ்சினுக்கு வேலை குறைவு என்பதால் சூடும் குறையும். இவை குறைகள் அல்ல.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

ஹீட்டர் குளிர்காற்று வீசுவதற்கு மிகச் சாதாரணமான காரணம் தண்ணீர் குறைந்திருப்பதுதான். ஹீட்டர் கோர் பெரும்பாலும் உயரமான இடத்தில் இருக்கும். தண்ணீர் குறையும்போது முதலில் அங்கேதான் தண்ணீர் எட்டாமல் போகும். எஞ்சின் கொதிப்பதற்கு முன்பே ஹீட்டர் குளிர்ந்துவிடும். அதனால்தான் இதை ஒரு முன்னெச்சரிக்கை என்கிறேன்.

இது மலைநாட்டில் இன்னும் முக்கியம். நம் வீட்டு அடுப்படியிலேயே இதற்கு அத்தாட்சி உண்டு. கொழும்பில் பருப்பு வேகிற நேரத்தில் நுவரெலியாவில் வேகாது. உயரம் கூடக்கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. கடற்கரையில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர் ஹட்டனில் ஏறத்தாழ 96 பாகையிலும், நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலும் கொதிக்கிறது. அதனால்தான் நாம் பிரஷர் குக்கரை நாடுகிறோம். மூடியை இறுக்கி அழுத்தத்தைக் கூட்டினால் தண்ணீர் கொதிக்காமல் கூடுதல் சூட்டுக்குப் போகிறது.

ரேடியேட்டர் மூடியும் இந்த வேலையைத்தான் செய்கிறது. மூடியிலுள்ள இறப்பர் வளையம் வெடித்திருந்தாலோ, அதன் சுருள்வில் தளர்ந்திருந்தாலோ அழுத்தம் நிற்காது. ஏற்றத்தில் தண்ணீர் கொதித்து வெளியே போய்விடும். பிறகு சாரதி, "வண்டி தண்ணீர் குடிக்கிறது" என்பார். அது பெரும்பாலும் ஒரு மூடியின் குறையாகவே இருக்கும். மூடி மலிவான சாமான்.

தண்ணீர் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீரும் ஆவியும் பீறிட்டு முகத்தில் அடிக்கும். குக்கரின் விசில் அடங்கும் முன் மூடியைத் திறக்க நாம் துணியமாட்டோம் அல்லவா? அதே கவனம் இங்கும் வேண்டும். காலையில் வண்டியை எடுக்கும் முன் பார்ப்பதே நல்லது. கொதித்துக்கொண்டிருக்கும் எஞ்சினுக்குள் ஓடைத் தண்ணீரைச் சில்லென்று ஊற்றவும் கூடாது. எஞ்சினின் தலைப்பகுதி வெடித்துப் போகலாம்.

எந்த நேரமும் வெறும் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருப்பதும் நல்லதல்ல. பீலித் தண்ணீரிலும் ஓடைத் தண்ணீரிலும் மண்ணும் உப்புகளும் இருக்கும். எஞ்சினுக்குள் துரு பிடிக்கும். அந்தத் துரு கோரின் மெல்லிய குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். கூலன்ட் என்பது பனிநாட்டில் தண்ணீர் உறையாமல் இருக்க மட்டும் ஊற்றுவதல்ல. அதில் துருவைத் தடுக்கும் மருந்தும் உண்டு. அது கொதிநிலையையும் கூட்டுகிறது. போத்தலில் எழுதியிருக்கும் அளவுப்படி சுத்தமான தண்ணீரோடு கலந்து ஊற்ற வேண்டும்.

கையால் தொட்டு அறிவது

தண்ணீர் சரியாக இருந்தும் சூடு வரவில்லையா? விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் பெரும்பாலான குறைகளைக் கண்டுபிடிக்கலாம். வண்டியைப் பதினைந்து இருபது நிமிடம் ஓட்டி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, பிறகு எஞ்சினை நிறுத்துங்கள். கோருக்குப் போகும் இரண்டு குழாய்களையும் மடித்த துணியால் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது கையை உள்ளே விடக்கூடாது. தாவணியும் தொங்கும் சால்வையும் அந்தப் பக்கமே போகக்கூடாது. பெல்ட்டில் சிக்கினால் உயிராபத்து.

இரண்டு குழாய்களும் சூடாக இருந்தால் தண்ணீர் ஓடுகிறது என்று பொருள். அப்படியானால் குறை காற்றின் பாதையில் இருக்கிறது. டேஷ்போர்டுக்குள் சூட்டுப் பக்கமும் குளிர்ப் பக்கமும் திருப்பி விடும் ஒரு சிறிய கதவு உண்டு. அதன் கேபிள் அறுந்திருக்கும் அல்லது கழன்றிருக்கும்.

ஒன்று சூடாகவும் மற்றது குளிராகவும் இருந்தால் தண்ணீர் உள்ளே போய் வெளியே வரமுடியாமல் இருக்கிறது. கோர் துருவால் அடைபட்டிருக்கலாம். பல பழைய வண்டிகளில் குழாயின் நடுவே ஒரு வால்வு உண்டு. அது மூடியபடியே இறுகியிருக்கலாம்.

இரண்டுமே குளிராக இருந்தால் சுடுதண்ணீர் அந்தப் பக்கமே வரவில்லை. தண்ணீர் குறைந்திருக்கும், அல்லது குழாயில் காற்று அடைத்திருக்கும், அல்லது தண்ணீர்ப் பம்பு பழுதாகியிருக்கும். யாரோ ஒருவர் குழாயையே மாற்றிப் பூட்டியிருக்கவும் கூடும்.

இன்னும் சில அடையாளங்களைச் சொல்கிறேன். ஓடும்போது சூடாகவும் நிற்கும்போது குளிராகவும் காற்று வந்தால் தண்ணீர் குறைவையோ பம்பையோ சந்தேகிக்க வேண்டும். டேஷ்போர்டுக்குப் பின்னால் 'களக் களக்' என்று தண்ணீர் புரளும் சத்தம் கேட்டால் உள்ளே காற்று இருக்கிறது. முன் ஆசனத்தடியில் கால்விரிப்பு ஈரமாகி, இனிப்பு வாசம் அடித்து, கண்ணாடியின் உட்புறம் எண்ணெய் பூசியதுபோல மங்கினால் கோர் ஒழுகுகிறது. காற்றே வராவிட்டால் பியூஸையும் காற்றாடி மோட்டாரையும் பார்க்க வேண்டும். அது தண்ணீரோடு சம்பந்தப்பட்டதல்ல.

எங்கள் வேனில் நடந்தது

எங்கள் வேன் 'டொல்பின்' என்று இங்கே எல்லோரும் அழைக்கும் பழைய டொயோட்டா ஹைஏஸ். குருநாகல் பக்கத்தில் பல காலம் ஓடிய வண்டி. வாங்கிக்கொண்டு வந்த அன்றே ஹீட்டரைப் போட்டுப் பார்த்தேன். காற்று வந்தது, சூடு வரவில்லை. ஒரு கராஜில் காட்டினோம். சுவிட்சை இரண்டு தடவை திருகிப் பார்த்துவிட்டு, "ஹீட்டர் கோர் போய்விட்டது, டேஷ்போர்ட் முழுவதையும் கழற்ற வேண்டும், வண்டி இரண்டு மூன்று நாள் நிற்க வேண்டும்" என்றார்கள். கேட்ட தொகை இரண்டு மாத வருமானத்துக்கு மேலே. வண்டி நின்றால் பிள்ளைகளின் படிப்பும் நிற்கும். யோசித்துச் சொல்கிறோம் என்று திரும்பி வந்தோம்.

பிறகு எங்கள் அயலில் இருக்கும் வயதான பாஸ் ஒருவரிடம் காட்டினேன். அவர் வண்டியை ஒரு சுற்று ஓட்டச் சொன்னார். முன் ஆசனத்தைத் தூக்கி, துணியை மடித்துக் குழாய்களைத் தொட்டுப் பார்த்தார்.

"இங்க பாருங்க மகள், எஞ்சின் நல்லாக் கொதிச்சிருக்கு. இந்த ரெண்டு பைப்பும் பச்சத்தண்ணி மாதிரி இருக்கு. உள்ளுக்குத் தண்ணியே போகல்ல. போகாத தண்ணிக்குக் கோர் மேல பழி போடலாமா?" என்றார்.

டோர்ச் அடித்துப் பார்த்தபோது விடயம் வெளிப்பட்டது. எஞ்சினிலிருந்து கோருக்குப் போகும் வாயையும், திரும்பி வரும் வாயையும் ஒரு சிறிய வளைந்த குழாயால் யாரோ இணைத்துவிட்டிருந்தார்கள். தண்ணீர் ஹீட்டர் பக்கம் எட்டிப் பாராமலே எஞ்சினுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. தாழ்நிலத்தில் ஓடிய காலத்தில் செய்த வேலை.

"ஏன் ஐயா இப்படிச் செய்கிறார்கள்?" என்று கேட்டேன். அதற்கும் அவர் வண்டியின் அடியில் விடை காட்டினார். ஜப்பானின் குளிருக்காகச் செய்த இந்த வேன்களில் பின்னால் இருப்பவர்களுக்கென்று இன்னொரு ஹீட்டரும் உண்டு. அதற்குப் போகும் இரும்புக் குழாய் வண்டியின் அடிப்பக்கமாக ஓடுகிறது. சேறும் மழைத்தண்ணீரும் பட்டு அது துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. ஒழுக்கை அடைப்பதற்குப் பதிலாக இரண்டு ஹீட்டர்களையும் சேர்த்தே வெட்டி விட்டிருந்தார்கள். குருநாகலின் வெயிலில் யாருக்கும் குறை தெரிந்திருக்காது.

பாஸ் பின் ஹீட்டருக்குப் போகும் வழியை மட்டும் அடைத்தார். முன் கோரைத் தண்ணீர்க் குழாய் கொண்டு மெதுவாக எதிர்ப்பக்கமாகக் கழுவினார். செம்மண் கரைத்ததுபோலத் துருத்தண்ணீர் வந்தது. தெளிந்த தண்ணீர் வரும் வரைக்கும் கழுவிவிட்டுப் புதிய குழாய்களைப் பூட்டினார். பிறகு வண்டியின் முகம் மேலே பார்க்கும்படி ஏற்றத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, சில்லுகளுக்குக் கல் வைத்தார். எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து கூலன்ட் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஸ்டார்ட் பண்ணினார். குமிழ் குமிழாகக் காற்று வெளியேறியது. தண்ணீர் இறங்க இறங்க ஊற்றினார். குமிழ்கள் நின்ற பிறகு மூடியைப் போட்டார். ஏற்றத்தில் நிறுத்தினால் மூடியிருக்கும் இடம் உயர்ந்து காற்று எளிதாக வெளியேறும். ஏற்றத்துக்கு நம் ஊரில் பஞ்சமா?

கால் மணித்தியாலத்தில் சூடான காற்று வந்தது. குழாய், நான்கு கிளிப்புகள், கூலன்ட், பாஸின் கூலி எல்லாம் சேர்ந்தும் முதலில் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கு ஆகவில்லை.

தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம்

குழாயை வெட்டி விடுவதைப் போலவே இன்னொரு பழக்கமும் நம் நாட்டுக் கராஜ்களில் உண்டு. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் தேர்மோஸ்டாட் என்ற சிறிய வாயிற்காவலன் இருக்கிறான். எஞ்சின் ஆறியிருக்கும்போது அவன் கதவை மூடி வைத்திருப்பான். தண்ணீர் ஏறத்தாழ 82 பாகைக்கு வந்த பிறகு (சில வண்டிகளில் இன்னும் சற்றுக் கூட) கதவைத் திறந்து ரேடியேட்டருக்கு விடுவான். அதற்குள் இருக்கும் மெழுகு உருகி விரிவதால்தான் கதவு திறக்கிறது.

ஏற்றத்தில் வண்டி கொதித்தால் சிலர் இதைக் கழற்றி விடுகிறார்கள். "நம்ம நாட்டுக்கு இது தேவையில்லை" என்றும் சொல்வார்கள். வெயில் ஊரில் சொல்லும் இந்தப் பேச்சை ஹட்டனில் ஏற்றுக்கொள்ள முடியாது. தேர்மோஸ்டாட் இல்லாத வண்டியில் தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டருக்கு ஓடி ஆறிக்கொண்டே இருக்கும். எஞ்சின் தனக்குரிய சூட்டுக்கு வராது. எரிபொருள் கூடுதலாகப் போகும், புகை கூடும், எஞ்சின் சீக்கிரம் தேயும். ஹீட்டரும் வெதுவெதுப்புக்கு மேல் சூடு தராது. வெப்பமானியின் முள் எப்போதும் கீழேயே கிடந்தால் தேர்மோஸ்டாட் திறந்தபடி இறுகியிருக்கிறது, அல்லது கழற்றப்பட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

அது நல்லதா கெட்டதா என்பதை அடுப்பில் வைத்தே சோதிக்கலாம். சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தேர்மோஸ்டாட்டை ஒரு நூலில் கட்டி, அடி தொடாமல் தொங்க விட்டுச் சூடாக்குங்கள். பச்சைத்தண்ணீரில் மூடியிருக்க வேண்டும். தண்ணீர் கொதிநிலையை நெருங்கும்போது திறக்க வேண்டும். ஆறினால் மறுபடி மூட வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் புதிது போட வேண்டும்.

கண்ணாடி மூடிக்கொள்வது ஏன்?

ஹீட்டர் வசதிக்கல்ல, பாதுகாப்புக்கு என்று நான் அழுத்திச் சொல்வதற்கு முக்கிய காரணம் முன் கண்ணாடிதான். மழை நாளில் பதினைந்து பிள்ளைகள் நனைந்த குடையோடும் ஈரச் சீருடையோடும் ஏறினால் வேனுக்குள் ஈரக்காற்று நிறைந்துவிடும். வெளியே குளிர்ந்திருக்கும் கண்ணாடியில் அந்த ஈரம் பட்டதும் ஆவி படிகிறது. சோற்றுப்பானையின் மூடியில் நீர் முத்துமுத்தாகக் கோர்ப்பதும் இதே காரணத்தால்தான்.

கொட்டகலை, தலவாக்கலைப் பாதையில் வெளியே மூடுபனி. உள்ளே கண்ணாடியில் ஆவி. சாரதி ஒரு கையால் துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறு கையால் வளைவு திருப்புகிறார். எதிரே கொழுந்து லொறி வந்தால் என்ன ஆகும்?

சூடான காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி விட்டால் கண்ணாடி சூடாகி ஆவி மறையும். ஏசி உள்ள வண்டியில் ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டால் இன்னும் விரைவாகத் தெளியும். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கும், ஹீட்டர் அதே காற்றைச் சூடாக்கும். உள்காற்றையே சுற்ற விடாமல் வெளிக்காற்று வரும்படி வைக்க வேண்டும். கண்ணாடியின் உட்புறத்தை அடிக்கடி துடைத்துச் சுத்தமாக வைத்தால் ஆவி படிவது குறையும். நனைந்த குடைகளை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு வைப்பதுகூட உதவும்.

இதில் பெண்களாகிய நாம் பெருமைப்படவும் ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவின் சிக்காகோவைச் சேர்ந்த மார்கரெட் வில்கொக்ஸ் என்ற பெண் 1893 ஆம் ஆண்டிலேயே ரயில் பெட்டிகளைச் சூடாக்கும் ஹீட்டருக்குக் காப்புரிமை பெற்றார். முன் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பருக்கு 1903 ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றவரும் மேரி அன்டர்சன் என்ற பெண்தான். பனி விழும் நாளில் நியூயோர்க்கில் டிராம் சாரதி கண்ணாடி தெரியாமல் திண்டாடுவதைப் பார்த்த பிறகே அவருக்கு அந்த யோசனை வந்தது. வண்டி விடயம் ஆம்பிளைகளுக்குத்தான் விளங்கும் என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு பெயர்களையும் சொல்லுங்கள்.

உயிருக்கு ஆபத்தான மூன்று விடயங்கள்

முதலாவது, ஏற்றத்தில் போகும்போது சூடாக வந்த காற்று திடீரெனக் குளிர்ந்து, அதே நேரம் வெப்பமானியின் முள்ளும் மேலே ஏறினால் தண்ணீர் போய்விட்டது என்று பொருள். முள் ஏறாவிட்டாலும் நம்பிவிடாதீர்கள். தண்ணீரே இல்லாத இடத்தில் சூட்டை அளக்கும் கருவி சரியாகச் சொல்லாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஆறவிட்டுப் பாருங்கள். இன்னும் இரண்டு மைல்தானே என்று ஓட்டினால் ஹெட் கஸ்கட் போய்விடும். வெள்ளைப் புகை தொடர்ந்து வருவதும், ஒயில் பால் கலந்ததுபோல வெளுப்பதும் அதன் அடையாளங்கள்.

இரண்டாவது, புகை. புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலோ, ஆசனத்தடியில் எஞ்சின் மூடியின் இறப்பர் பிய்ந்திருந்தாலோ காபன் மொனொக்சைட் வாயு வேனுக்குள் வரும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிள்ளைகள் வேனில் ஏறினால் மட்டும் தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், தூக்கம் என்று சொன்னால் ஏளனமாக நினைக்காதீர்கள். உடனே சன்னல்களைத் திறந்து, பிள்ளைகளை வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள். டிசெம்பர் முதல் மே வரை நடக்கும் சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில் நல்லதண்ணியில் இரவு தங்கும் யாத்திரிகர்களும் கவனிக்க வேண்டும். சூட்டுக்காக எஞ்சினை ஓட விட்டு, சன்னல்களை மூடிக்கொண்டு வண்டிக்குள் தூங்கக்கூடாது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு எஞ்சினை அணைத்துவிட்டுத் தூங்குங்கள்.

மூன்றாவது, கூலன்ட். பச்சை, சிவப்பு என்று அழகான நிறத்தில் இருக்கும், இனிப்பாகவும் இருக்கும். ஆனால் அது சிறுநீரகத்தைப் பாழாக்கும் நஞ்சு. மிஞ்சியதைச் சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டில் வைக்கவே கூடாது. பிள்ளை குடித்துவிட்டால் கொஞ்சம்தானே என்று இருக்காமல், போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு ஓடுங்கள். தரையில் சிந்தினால் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவுங்கள். நாயும் பூனையும்கூட அதை நக்கிச் சாகும்.

வேனுக்குக் காசு கட்டும் தாய்மாரே

2020 ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 ஆம் ஆண்டில்தான் பரவலாக மீண்டும் தொடங்கியது. புதிய வேன் வாங்குவது நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத காரியம். பழைய வேன்களில்தான் நம் பிள்ளைகள் இன்னும் பல காலம் போகப் போகிறார்கள். பழைய வண்டி என்பதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. பராமரிக்காத வண்டிக்குத்தான் பயப்பட வேண்டும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்திலோ, மாதக் காசு கொடுக்கும்போதோ உங்கள் வேன் சாரதியிடம் மரியாதையாக இவற்றைக் கேளுங்கள். ஹீட்டர் வேலை செய்கிறதா? இல்லையென்றால் ஏன் என்று பார்த்தீர்களா? குழாயை வெட்டி விட்டிருக்கிறார்களா? தேர்மோஸ்டாட் இருக்கிறதா? தண்ணீரை எத்தனை நாளுக்கு ஒரு தடவை பார்க்கிறீர்கள்? கண்ணாடி மூடினால் என்ன செய்வீர்கள்? புகைக்குழாயைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

நல்ல சாரதி இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்கமாட்டார். திருத்தப் பணம் போதாது என்று அவர் சொன்னால் அதையும் காது கொடுத்துக் கேளுங்கள். ஒரு வேனில் பதினைந்து பிள்ளைகள் போகிறார்கள் என்றால் பதினைந்து வீடுகள் இருக்கின்றன. ஒரு மூடிக்கும் இரண்டு குழாய்களுக்கும் எல்லோரும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சம் போட்டால் எந்த வீட்டுக்கும் பாரமாகாது.

வேன் ஓட்டும் சகோதரர்களுக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கராஜில் பெரிய தொகை சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். "குழாய்களைத் தொட்டுப் பார்த்தீர்களா? இரண்டும் சூடா, ஒன்று மட்டும் சூடா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த பிறகு டேஷ்போர்டைக் கழற்றலாமா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். மார்கழிக் குளிர் வரும் முன்னரே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, மூடியைத் திறந்து தண்ணீரைப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.